இரண்டாம் எண்டிங்கில் தொலைந்த டை

எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்காக ஒரு பாடலை நான்கு குரல்களுக்கு எழுதியபோது, ஒரேயொரு டை (ஒரே சுருதியிலுள்ள இரண்டு நோட்டுகளை இணைத்து, இடைவிடாமல் ஒலிக்கச் சொல்லும் வளைகோடு) என்னை ஏறத்தாழ ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. பாடல் ஜி மேஜரில், 3/4 தாளத்தில் அமைந்தது. எட்டாம் பாரின் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) கடைசி எண்ணிக்கையில் ஆல்டோ குரல் (தாழ்ந்த பெண் குரல்) ஜி நோட்டைப் பிடிக்கிறது. இந்தப் பகுதி ரிப்பீட்டாக இரண்டு முறை பாடப்படுகிறது; ஒவ்வொரு முறைக்கும் முடிவுப் பகுதி, அதாவது எண்டிங், வேறு. முதல் எண்டிங்கில் அந்த ஜி, டி கார்டின்மேல் (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டு) ஓர் எண்ணிக்கை நீடித்து, பிறகு எஃப் ஷார்ப்புக்கு இறங்குகிறது. இரண்டாம் எண்டிங்கில் ஜி கார்டே வந்துவிடுவதால் இறங்க வேண்டிய தேவையின்றி அங்கேயே நிலைக்கிறது. ஆக, ஒரே நோட்டிலிருந்து புறப்படும் டை இரண்டு இடங்களில் போய்ச் சேர வேண்டும்.

அப்போது நான் பயன்படுத்திய மியூஸ்ஸ்கோர் 3 என்னும் இசைக்குறியீட்டு மென்பொருள், முதல் எண்டிங்குக்கு மட்டுமே டை வரைந்தது. டை என்பது தாளில் அடுத்து அச்சாகும் நோட்டோடு சேர்வது என்றே அந்த மென்பொருள் கருதியது. பாடுபவருக்கோ, இரண்டாம் முறை எட்டாம் பாருக்கு அடுத்து வருவது இரண்டாம் எண்டிங்தான். நான் இதைக் கவனிக்காமல் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் ஆல்டோ பாடியவர்கள் இரண்டாம் எண்டிங்கின் தொடக்கத்தில் ஜி நோட்டைப் புதிதாக அழுத்தித் தொடங்கினார்கள். தாளில் இருந்ததைத்தான் அவர்கள் சரியாகப் பாடினார்கள்.

முதலில் ஒரு மாற்றுவழியைக் கையாண்டேன். இரண்டாம் எண்டிங்கின் ஜி நோட்டில் ஒரு ஸ்லரை (வெவ்வேறு நோட்டுகளைத் தொடர்ச்சியாகப் பாடச் சொல்லும் வளைகோடு) பொருத்தி, அதன் கைப்பிடிகளை இழுத்து, பார் கோட்டையொட்டித் தொடங்கும் அரை வளைவாக அமைத்தேன். பார்வைக்கு அது டை போலவே இருந்தாலும், பக்க அமைப்பை மாற்றியபோதெல்லாம் வளைவு இடம் பெயர்ந்தது. ஒலிப்பதிவில் அந்த நோட்டு மீண்டும் தட்டப்பட்டது. அதை ஒலிக்காதபடி அமைத்தால், அந்த இடம் வெற்று இடைவெளியாகக் கேட்டது. பயிற்சி ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்ததால், ரிப்பீட்டை முழுவதும் விரித்தெழுதிய தனிக் கோப்பு ஒன்றை உருவாக்கினேன்.

இதே பாடலை, கட்டளைகளைத் தட்டச்சிட்டு இசை எழுதும் லிலிபாண்ட் மென்பொருளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது. எட்டாம் பாரின் கடைசி நோட்டுக்குப் பின் வழக்கமான அலைக்குறியை (~) இட்டால், முதல் எண்டிங்குக்கான டை தானே வந்துவிடுகிறது. இரண்டாம் எண்டிங்கின் முதல் நோட்டுக்கு, பின்சாய்வுக்கோட்டோடு ‘ரிப்பீட் டை’ (repeatTie) என்ற கட்டளையை எழுதினால், இடப்பக்கத்திலிருந்து வந்து நோட்டைத் தொடும் அரை வளைவு கிடைக்கிறது. நோட்டிலிருந்து புறப்பட்டு முடிவில்லாமல் நிற்கும் வளைவுக்கு ‘லெஸே விப்ரே’ என்னும் வேறொரு கட்டளை இருக்கிறது. புறப்படும் வளைவும் வந்து சேரும் வளைவும் தனித்தனிக் குறிகள் என்று அங்கே பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2025இல் வெளிவந்த மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ 4.5, பகுதி டை என்ற பெயரில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. என் பழைய கோப்பைத் திறந்து, ஒட்டுப்போட்ட ஸ்லரை நீக்கிவிட்டு, எட்டாம் பாரின் ஜி நோட்டுக்கு டை கொடுத்தேன். இரண்டாம் எண்டிங்கின் ஜி நோட்டுக்கு முன்னால் அரை வளைவு உரிய அளவில், உரிய இடத்தில் அமர்ந்தது. அதன்பின் பக்க விளிம்புகளை மாற்றியும் அது அசையவில்லை.

முதல் எண்டிங்கின் கடைசி நோட்டு ரிப்பீட்டின் தொடக்கத்துக்குத் திரும்பித் தொடர்வது வேறு வகைச் சிக்கல். அங்கே தொடக்க நோட்டின்மேல் அரை வளைவு இட்டால், முதன்முறை பாடுபவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அத்தகைய இடத்தில் ரிப்பீட்டைத் தவிர்த்து, இரண்டு முறையையும் முழுமையாக எழுதிவிடுவதையே நான் விரும்புகிறேன். கூடுதலாக ஒரு பக்கம் ஆனாலும் பாதகமில்லை.

வளைவு சரியான பின்னும் பாடல் வரி மிஞ்சியிருந்தது. நீளும் அசைக்கான கோடு முதல் எண்டிங்கோடு நின்றதால், இரண்டாம் எண்டிங்கின் ஜி நோட்டுக்குக் கீழே எந்த எழுத்தும் இல்லை. அந்த அசையின் உயிரெழுத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் இட்டுப் புதிய பிரதியை அச்சிட்டேன். அடுத்த ஒத்திகையில் ஆல்டோ குரல் மூச்சுவிடாமல் அந்த ஜி நோட்டைப் பிடித்தபடியே இரண்டாம் எண்டிங்குக்குள் சென்றது.