வாய்விட்டு யோசியுங்கள்

கோவை சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐடி சர்வீஸ் கம்பெனியில் நாலைந்து வருஷம் நன்றாக வேலை பார்த்தவர்கள்கூட கூகுள், அமேசான் நேர்காணலில் சறுக்குகிறார்கள். பல நேரம் அது விடை தெரியாததால் அல்ல. முழுக் கணக்கையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் புரோகிராம் கோடை (code) மட்டும் எழுதிக் காட்டுவதால்தான். பெரியவர்கள் முன்னால் அளந்து பேசு என்று வளர்த்த ஊர் நம்முடையது. எதிரில் இருப்பவர் ஒரு துப்புக் கொடுத்தால் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறோம். அவருக்கோ குறிப்பில் எழுத ஒன்றும் கிடைப்பதில்லை.

அந்தக் குறிப்புதான் உங்களுக்காகப் பேசப்போகிறது. கூகுளில் நேர்காணல் எடுத்தவரே முடிவு சொல்வதில்லை. உங்களைப் பார்த்தே இராத ஒரு குழு, அவர் எழுதியதைப் படித்துத் தீர்மானிக்கும். அமேசானில் 'பார் ரைசர்' என்று ஒருவர் வருவார். ஆள் எடுக்கும் டீமைச் சேராதவர். அவர் வேண்டாம் என்றால் அந்த ஆஃபர் நகராது.

ஒரு சுற்று பெரும்பாலும் 45 நிமிடம். அறிமுகமும் கடைசிக் கேள்விகளும் போக, கையில் நிற்பது 35 நிமிடம். அதில் எப்படிப் பேசுவது என்று ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். திருப்பூர் குடோன் ஒன்றில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன, எடைகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. இரண்டைச் சேர்த்தால் சரியாக 50 கிலோ வரவேண்டும். அப்படி ஒரு ஜோடியைக் கண்டுபிடிக்கணும்.

முதல் மூன்று நிமிடம் கோடைத் தொடாதீர்கள், கேளுங்கள். எத்தனை பெட்டி? எடை முழு எண்தானா? ஒரே எடை இரண்டு தடவை வருமா? ஜோடியே இல்லையென்றால் எதைத் திருப்பித் தருவது? பிறகு சாதாரண வழியை வாயால் சொல்லுங்கள்: ஒவ்வொரு பெட்டியையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் 1 லட்சம் பெட்டிக்குச் சுமார் 500 கோடி ஜோடி. நொடிக்கு 10 கோடி செயல் என்று வைத்தாலும் 50 நொடி ஆகும். இதைச் சொன்ன பிறகு ஹேஷ் மேப்புக்கு, அதாவது பார்த்த எடைகளைப் போட்டு வைத்துச் சட்டென்று தேடிப் பிடிக்கும் அட்டவணைக்குப் போனால், ஏன் போகிறீர்கள் என்பது அவருக்கே விளங்கும்.

பெட்டியைக் கையில் எடுத்ததும், 50இல் அதன் எடையைக் கழித்தால் வரும் எண் ஏற்கெனவே மேப்பில் இருக்கிறதா என்று பார்க்கணும். இல்லையென்றால் மட்டும் இந்த எடையை மேப்பில் போடணும். பலர் தவறுவது இந்த வரிசையில்தான். முதலில் போட்டுவிட்டுத் தேடினால், ஒரே ஒரு 25 கிலோ பெட்டி தன்னோடு தானே ஜோடி சேர்ந்துவிடும். எழுதி முடித்ததும் 20, 25, 30 என்ற மூன்று எண்ணை வைத்து வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள். 25இல் ஏமாறாமல் தாண்டி, 30இல் நிற்கணும். மேப்புக்குக் கூடுதல் நினைவகம் செலவாகிறது என்பதையும், எடைகளை முதலில் வரிசைப்படுத்தி இரு முனையிலிருந்தும் நெருங்கினால் அந்தச் செலவு குறையும், ஆனால் நேரம் கூடும் என்பதையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கோடை ஓட்டிப் பார்க்க வசதியில்லாத வெறும் டாக்குமெண்டில் எழுதச் சொல்வதும் உண்டு. அதனால் வீட்டில் நோட்பேடில் எழுதியே பழகுங்கள்.

அமேசானில் 16 தலைமைக் கொள்கைகள் உண்டு, அதை ஒட்டித்தான் அனுபவக் கேள்விகள் வரும். இங்கே நம்ம அடக்கம் கெடுதல் செய்யும். "நாங்க சரி பண்ணினோம்" என்றால் மதிப்பெண் டீமுக்குப் போகும். "6 மணி நேரம் ஓடிய பேட்ச் ஜாபில் இன்டெக்ஸ் இல்லாத டேபிளை நான் கண்டுபிடித்தேன், 40 நிமிடமாகக் குறைந்தது" என்று உங்கள் பங்கை எண்ணோடு சொல்லுங்கள். அது தற்பெருமை அல்ல.

நேர்காணலுக்கு முந்தின நாள், உங்கள் பகுதிக்கு மின்சாரம் வரும் பீடர் லைனுக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்குத் தனி யுபிஎஸ் போடுங்கள், இல்லாவிட்டால் போன் ஹாட்ஸ்பாட்டை முன்பே இணைத்துச் சோதித்து வையுங்கள்.

ஆஃபர் வந்த பிறகு இழுத்தடிப்பது இன்ஷியல். பட்டச் சான்றிதழில் 'ஆர்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், பான் கார்டில் முன்பின் மாறியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் இது மாட்டும். ஆதாரிலும் பான் கார்டிலும் பெயரை முன்கூட்டியே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ரிலீவிங் லெட்டர், பேஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். 90 நாள் நோட்டீஸ் என்றால் ரெக்ரூட்டரிடம் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆஃபரோடு வரும் சம்பளத் தாளில், கம்பெனி தரும் பங்குகளைத் தனியாகப் படியுங்கள். நாலு வருஷத்துக்குப் பிரித்துத் தருவது வழக்கம், ஆனால் எப்போதும் சமமாக அல்ல. அமேசானில் நெடுங்காலம் இருந்த முறை 5, 15, 40, 40 சதவீதம். பங்கு கைக்கு வரும் நாளின் விலை சம்பளமாகவே கணக்காகி வரி விழும், அதற்காகக் கம்பெனி ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பொள்ளாச்சியில் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கத் திட்டமிடுபவர்கள், பிடித்தம் போக மிஞ்சும் தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள்.