கையெழுத்துப் போட முடியாத மனைவியும் வெள்ள கிளெய்மும்

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையைப் பற்றி சென்னை முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருந்த யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். என் மனைவிக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து, மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பக்கத்து வீட்டுப் பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடியில் சேர்த்தார்கள். கரண்ட் இல்லாததால் ஏர் பெட் பம்ப் ஓடவில்லை. படுக்கைப்புண் வரக்கூடாதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே புரட்டிப் படுக்கவைத்தேன். இவ்வளவையும் சமாளித்தவனை இன்சூரன்ஸ் ஃபைல்தான் உட்காரவைத்துவிட்டது.

பாலிசி, வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துக் கொடுத்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு. உங்களுக்கும் அப்படியென்றால் இன்றைக்கே காப்பியைக் கேட்டு வாங்கி, மெயிலில் போட்டு வையுங்கள். எனக்குக் கிடைக்கவே பெரும்பாடு. "அது ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில்தான். "கட்டடத்துக்கு மட்டும்தான் சார் கவரேஜ்" என்று வேறு அடித்துச் சொன்னார் வங்கி கிளார்க். காப்பி கைக்கு வந்தபின் பார்த்தால் பொருட்களும் சேர்ந்தே இருந்தன. கட்டடம், பொருள் இரண்டுக்கும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காமலே கவரேஜ் உண்டு. நகை போன்றவை இதில் வராது.

சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் சாக்கடை நீரில் ஊறிய மெத்தையை எத்தனை நாள் வைத்திருப்பது? சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை இஞ்ச் டேப் வைத்துப் படம் எடுத்தேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டிலின் மோட்டார் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் கிட்டத்தில் எடுத்தேன். மெத்தையைக் கிழித்து உள்ளே இருந்த சேற்றையும் வீடியோ எடுத்து, "நோயாளி இருப்பதால் அப்புறப்படுத்துகிறேன்" என்று கம்பெனிக்கு மெயில் போட்ட பிறகுதான் வெளியே தள்ளினேன். அந்த மெயில்தான் காப்பாற்றியது. சர்வேயர், நான் ஃபீட் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து, வாசலில் நின்றபடியே "மெத்தை எங்க சார்?" என்றார். போனில் வீடியோவைக் காட்டினேன். பேசாமல் எழுதிக்கொண்டார்.

தொகை முடிவானதும் நிஜமான சிக்கல் ஆரம்பித்தது. பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்ததால் கிளெய்ம் பணம் கடன் கணக்குக்குத்தான் போகுமாம். எங்கள் கைக்கு வர வங்கி தடையில்லாக் கடிதம் தர வேண்டும். கடன் இருவர் பெயரில். "மேடம் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுடட்டும் சார், அஞ்சு நிமிஷ வேலை." படுத்த படுக்கை என்றேன். "அப்போ பவர் ஆஃப் அட்டர்னி கொண்டாங்க." பேச்சே இல்லாதவரை எந்த சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னால் உட்காரவைப்பது?

மகள்தான் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைத் தேடி எடுத்தாள். நோயில் கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளரிடம் கைரேகை வாங்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகைகூடச் செல்லும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கணக்கில் பணம் எடுப்பதற்கான விதிதான் அது. ஆனாலும் அச்செடுத்து, நரம்பியல் டாக்டரின் சான்றிதழோடு மேனேஜர் மேஜையில் வைத்தேன். 70 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை செய்யச் சொல்லி 2017-லேயே ரிசர்வ் வங்கி எழுதியிருப்பதையும் காட்டினேன். கவுன்டரில் பேசிப் பயனில்லை, நேரே மேனேஜர்தான். மனிதர் படித்துப் பார்த்து, மறுநாளே ஒரு அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினார். வலது கை விரல்கள் மடங்கி இறுகியிருந்ததால் இடது கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் டிஸ்சார்ஜ் வவுச்சரையும் (முடிவான தொகைக்குச் சம்மதம் சொல்லும் தாள்) தயாராக வைத்திருந்து, அதே மூச்சில் அதிலும் ரேகை வாங்கி அந்த அதிகாரியின் சீல் போடவைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டாம் முறை அவர்களை வரவழைப்பது லேசில்லை.

அதன் பிறகும் கம்பெனி இழுத்தடித்தது. அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், கூடவே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவில் புகார். உடனே போன் வந்தது, பணமும் வந்தது. வராமல் போயிருந்தால் அடுத்து கம்பெனிமேல் வரும் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணமே கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

செட்டில்மென்ட் தாளில் 'சால்வேஜ்', அதாவது சேதமான பொருளை விற்றால் கிடைக்கும் விலை என்று ஒரு தொகையைக் கழித்திருக்கிறார்கள், அந்த மெத்தைக்கும் சேர்த்து. சாக்கடையில் ஊறிய மெத்தையை யார் விலைக்கு வாங்குவார்கள், அவரை அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.