ஆறு மாதம் என் ஜீனைப் பழி சொல்லிக்கொண்டிருந்தேன்

பிஎச்டி மூன்றாம் வருஷம் நடந்தது. ஒரு ஜீனை மனித செல்லுக்குள் வைத்து, செல் வளரும் திரவமான மீடியத்தில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தால் மட்டும் அது வேலை செய்யும்படி அமைத்திருந்தோம். பல லேப்களில் இருக்கும் சாதாரண சுவிட்ச்தான்.

மூன்று நாள் டாக்ஸி கொடுத்து, புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினால், காக்ஸ்-1 என்ற மைட்டோகாண்ட்ரியா புரதத்தின் பேண்ட் பாதியாக மங்கியிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் மொத்தமே 37 ஜீன், அதில் புரதம் தருபவை 13, காக்ஸ்-1 அந்தப் பதின்மூன்றில் ஒன்று. கைடுக்கு ஒரே சந்தோஷம், நான் பேப்பருக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன்.

ஆனால் காக்ஸ்-1 ஆர்என்ஏ குறையவே இல்லை. நியூக்ளியஸ் ஜீனிலிருந்து சைட்டோபிளாசத்தில் உருவாகி உள்ளே போகும் எஸ்டிஹெச்ஏ புரதமும் அப்படியே இருந்தது. மீடியம் வேறு வழக்கத்தைவிட சீக்கிரம் மஞ்சளானது, அதாவது செல்கள் லாக்டிக் அமிலமாகக் கொட்டுகின்றன. இத்தனையும் கண்ணெதிரே இருந்தும், ஆறு மாதம் இதற்கெல்லாம் என் ஜீனை வைத்தே விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

லேப் மீட்டிங்கில் ஒரு சீனியர் அக்கா கேட்டார்: "வெறும் வெக்டர் செல்லுக்கு டாக்ஸி போட்டுப் பாத்தியா?" அதாவது, என் ஜீன் இல்லாமல், அதைச் சுமக்கும் டிஎன்ஏ மட்டும் வைத்த செல். பார்க்கவில்லை. என் கன்ட்ரோல் எல்லாம் டாக்ஸி இல்லாத செல்கள். அடுத்த வாரமே போட்டேன், அதிலும் பேண்ட் மங்கியது.

காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியா வழியில் வந்தது, புரதம் செய்யும் அதன் ரைபோசோமும் அந்தச் சாயல்தான், பாக்டீரியா ரைபோசோமை அடைக்கும் டாக்ஸி இதையும் அடைக்கிறது. சைட்டோபிளாச ரைபோசோம் அந்த அளவில் தப்பித்துக்கொள்கிறது. அப்புறம் செல் திணறும்போது ஏறும் ஏடிஎஃப்4 என்ற புரதத்தைப் பார்த்தேன், வெறும் வெக்டரிலேயே ஏறியிருந்தது. மைட்டோகாண்ட்ரியா திணறினால் ஓமா1 என்ற நொதி டெலி1 புரதத்தை வெட்டுகிறது, அந்தத் துண்டு வெளியே வந்து ஹெச்ஆர்ஐ என்ற இன்னொரு நொதியை எழுப்ப, சைட்டோபிளாசத்திலும் புரத உற்பத்தி மட்டுப்படுகிறது என்று 2020இல்தான் தெரிய வந்தது. ஆக, என் மருந்து உள்ளே ஒரு தொழிற்சாலையை அடைத்து, வெளியே இருப்பதற்கும் பிரேக் போடவைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு டாக்ஸி அளவை மில்லிக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து, ஜீன் ஆன் ஆகும் மட்டுக்கும் குறைத்தேன், ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் டாக்ஸி போட்ட வெறும் வெக்டர் தட்டு ஒன்று. புது பிளாட்டில் இரண்டு காக்ஸ்-1 பேண்டும் ஒரே அளவில் இருந்தன. என் ஜீன் மைட்டோகாண்ட்ரியாவை ஒன்றுமே செய்யவில்லை.