தெரிகிற கண்ணுக்கும் மருத்துவம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்கள் வந்துபோகும் அரசாங்கக் கிளினிக் ஒன்றில், நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எங்கள் காத்திருப்புக் கூடத்தில் அந்த வேறுபாடு கண்கூடு.

"கண்ணு நல்லாத்தானே தெரியுது தங்கச்சி, எதுக்கு மருந்து ஊத்தணும்?" என்று செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், படம் எடுக்கும் முன் கண்மணியை விரிக்க ஊற்றும் சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்டார். நியாயமான கேள்வி. சர்க்கரை நெடுநாள் கூடியே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து கசியத் தொடங்கும். ஆனால் விழித்திரையின் மையம் வீங்கும்வரை, அல்லது புதிதாகக் கிளைத்த குழாய் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவும்வரை, நோயாளி எதையும் உணராமலே இருக்கக்கூடும். படம் எடுத்த பின் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, ஆரஞ்சு நிறப் பரப்பில் சிதறியிருந்த சிவப்புப் புள்ளிகளையும் மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகளையும் காட்டினேன். "இது என் கண்ணா?" என்றார். ஆண்டுக்கொரு முறை வரவேண்டும் என்பதை அதன்பின் அவருக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருந்து ஊற்றினால் சில மணி நேரம் கண் கூசும், மோட்டார் ஓட்ட முடியாது, அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே வராதவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஏசுவதை நான் ஏற்பதில்லை. துணைக்கு யார் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுத் தேதி கொடுத்தால் பலரும் வந்துவிடுகிறார்கள்.

ஈப்போவுக்கு லேசர் சிகிச்சைக்கு அனுப்பும்போதுதான் மிகுந்த கவனத்துடன் பேசவேண்டியிருக்கிறது. லேசர் இருக்கும் பார்வையைக் காப்பதற்கே. போனதை அது பெரும்பாலும் மீட்டுத் தராது, சிலருக்கு இரவுப் பார்வை சற்றுக் குறையவும் செய்யும். மைய வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி பார்வையை மேம்படுத்தக்கூடும், ஆனால் அதைப் பல முறை போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றைச் சொல்லாமல் அனுப்பினால், "லேசர் வச்சும் தெளியலயே" என்று மனம் வெறுத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

கண்ணுக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் தொடர்பே இல்லை என்றுதான் இங்கே பலர் எண்ணுகிறார்கள். இரத்த அழுத்தமும் உள்ள இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளிடம் அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியதால் விழித்திரை பாதிப்பு முற்றும் அபாயம் 34 விழுக்காடு குறைந்ததை 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதனால் படம் எடுக்கும் முன்பே, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்; இல்லை என்பவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.