சுறா வந்தால் என்னிடம் சொல்லிவிடுங்கள்

நெடுந்தூரக் கடல் நீச்சல்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் தோள்வலியைப் பற்றிப் பேசுவோம். அடுத்து சொறி, அதாவது ஜெல்லி மீன், அது எங்கே பட்டது, எத்தனை நாள் அரித்தது என்று. சுறாவைப் பற்றி எங்களில் யாரும் தானாகப் பேச்செடுப்பதில்லை. வெளியாட்கள்தான் கேட்பார்கள், "சுறா இருக்குமே, பயமா இல்லையா?" என்று. இருக்கும்தான். கடலில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு. சுறா வந்தால் கூட வருகிற படகு என்ன செய்ய வேண்டும்? நீந்துகிறவருக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நீந்துகிறவர் முகம் தண்ணீருக்குள் கிடக்கிறது, மூச்செடுக்கத் திரும்பும்போது கண்ணாடி வழியே படகின் ஓரம் தெரிந்தால் அதிகம். பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. சுறாவும் பெரும்பாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நியூசிலாந்தின் குக் நீரிணையைக் கடக்கிறவர்களில் ஆறில் ஒருவருக்குச் சுறா தட்டுப்படும் என்பது அங்கே நீச்சல் நடத்துகிறவர்களே சொல்லும் கணக்கு. இப்படி இருக்க, எதற்கு ஒரு மனுஷியைப் பயமுறுத்தி, மாதக்கணக்கில் செய்த பயிற்சியை வீணாக்க வேண்டும் என்பார்கள்.

நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். படகில் ஏறுவதா, நீச்சலைத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டியவள் நான். எனக்குத் தெரியாமல் என்னை வைத்து இன்னொருவர் சூதாடக் கூடாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீந்துகிறவரிடம் மறைப்பது என்று முடிவாகிவிட்டால், படகில் இருப்பவர்கள் நீச்சல் நிற்காமல் இருக்க வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அந்த 'வேறு ஏதாவது' பெரும்பாலும் சுறாவின் தலையில்தான் விடியும்.

1952-ல் ஃபுளோரன்ஸ் சாட்விக் கலிஃபோர்னியாவின் கேட்டலினா கால்வாயை நீந்தியபோது, சுறாக்களை விரட்டப் படகிலிருந்து துப்பாக்கியால் சுட்டார்கள். அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு பெண் அந்தக் கால்வாயைக் கடக்கிறாள், குறுக்கே வந்த மிருகத்தைச் சுட்டார்கள், அவ்வளவுதான் செய்தி. சாட்விக்கின் மன உறுதியை நான் மெச்சுகிறேன். அந்தத் துப்பாக்கிகளை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை.

பிறகு கூண்டு வந்தது. 1997-ல் சூசி மரோனி கியூபாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கூண்டுக்குள் நீந்தினார். சுறாவுக்கும் கேடில்லை, அவருக்கும் கேடில்லை. ஆனால் கூண்டோடு நீந்துவதை எங்கள் கூட்டம் உதவி பெற்ற நீச்சலாகத்தான் எண்ணும். 2013-ல் டயானா நயாட் தன் 64-வது வயதில் அதே தடத்தில் கூண்டில்லாமல் இறங்கினார். முக்குளிப்போர் சுற்றிலும் காவல் இருந்தார்கள், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகிலிருந்து மின்புலக் கருவியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நீச்சலை அங்கீகரிப்பது பற்றிய சண்டை தனிக்கதை, அதற்குள் போகவில்லை. கருவி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. சுறாவின் மூக்கைச் சுற்றி ஜெல் நிரம்பிய நுண்துளைகள் இருக்கின்றன, லோரென்சினி குடுவைகள் என்பார்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கிற மீனின் உடம்பிலிருந்து வரும் துளியூண்டு மின்சாரத்தைக்கூட அது அதன் மூலம் உணர்ந்துவிடும். அத்தனை கூர்மையான உறுப்புக்குப் பக்கத்தில் பலமான மின்புலம் வந்தால் முகம் சுளித்துத் திரும்பிப் போகிறது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. எல்லா இனமும் எல்லா நேரமும் திரும்பும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பல நேரம் சுறாவை அழைத்துக்கொண்டு வருவதே நாம்தான். 2009-ல் ஹவாயில், 'பெரிய தீவு' எனப்படும் தீவிலிருந்து மாவித் தீவுக்கு இரவில் நீந்திக்கொண்டிருந்த மைக் ஸ்பால்டிங்கை குக்கீகட்டர் சுறா கடித்தது. முழங்கை நீளம்தான் இருக்கும், ஆனால் கரண்டியால் தோண்டியதுபோல வட்டமாகச் சதையை எடுத்துவிடும். கெண்டைக்காலில் நல்ல ஆழமான காயம். கூட வந்த கயாக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்துக்குக் கணவாய் வரும், கணவாய்க்குப் பின்னால் அதைத் தின்கிறது வரும். சுறாவின் குற்றம் இதில் எங்கே இருக்கிறது?

கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 2014 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்தின் மேலிருந்து ஒருவர் போட்ட தூண்டிலில் ஏழடி அளவுள்ள இளம் வெள்ளைச் சுறா மாட்டிக்கொண்டது. சுமார் 40 நிமிஷம் அது துடித்துப் போராடிக்கொண்டிருந்தபோது, வழக்கமாக அந்தப் பக்கம் நீந்துகிற கூட்டம் குறுக்கே வந்தது. ஒருவர் கடிபட்டார், பிழைத்துக்கொண்டார். நகராட்சி அந்தப் பாலத்தில் மீன்பிடிக்கக் கொஞ்ச நாள் தடை போட்டது. தூண்டில் போட்டவருக்கும் அது பொழுதுபோக்கு, நீந்தியவர்களுக்கும் பொழுதுபோக்கு. உயிருக்குப் போராடியது சுறா ஒன்றுதான்.

இதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டுதான் ராமேஸ்வரம் போய்ப் படகு பேசினேன். தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை, சுமார் 30 கிலோமீட்டர். நம் ஆட்களுக்கு இந்தக் கடல் புதிதல்ல. 1954-ல் இலங்கையின் தொண்டைமானாற்று நவரத்தினசாமி கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1971-ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போகவும் வரவும் நீந்தினார். அந்தப் பெயர்களுக்கு முன்னால் நான் யார்? வார நாளில் கம்ப்யூட்டர், சனி ஞாயிறில் கோவளம்.

படகுக்கார அண்ணன் என் நிபந்தனைகளை எழுதியிருந்த தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். படகில் யாரும் தூண்டில் போடக் கூடாது என்று எழுதியிருந்தேன். இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மனிதர் நீந்தும் வேகத்துக்குப் படகை ஓட்டுவதைப் போலச் சலிப்பான வேலை கிடையாது. கையில் தூண்டில் நரம்பும் முள்ளும் இருந்தால் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். மதியத்துக்கு நாலு மீன் பிடித்து, அங்கேயே அரிந்து, குடலையும் செவுளையும் தண்ணீரில் வீசுவார்கள். பக்கத்தில் நான் நீந்திக்கொண்டிருப்பேன்.

"அப்ப சாப்பாட்டுக்கு?" என்றார்.

"சாம்பார் சாதம் கட்டித் தர்றேன்ணே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கோழிக் குழம்புக்கு இறங்கி வந்தேன்.

அடுத்த வரி அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சுறா தெரிந்தால் விசில் அடிக்க வேண்டும், என்னை ஏற்ற வேண்டும், சுறாவை எதுவும் செய்யக் கூடாது. படகைத் தொட்டால் நீச்சல் முடிந்தது, அது என் பாடு.

"வடகடல்ல பெரிய சுறா இப்ப எங்க தங்கச்சி இருக்கு? எல்லாத்தையும் வலை அள்ளிருச்சு" என்றார். அது உண்மை. பாக் கடலில் பல இடங்களில் பத்து மீட்டர்கூட ஆழமில்லை, இழுவை மடி அடியோடு துடைத்துவிட்டது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் பிடிபட்டுச் சாகின்றன என்பது 2013-ல் வந்த மதிப்பீடு. நாம் சீண்டாமல் அவை நம்மைக் கடிப்பதோ ஆண்டுக்கு நூறைத் தொடுவதில்லை.

"அப்படியே வந்தா, அத அடிக்கக் கூடாதுங்கிறீங்க. சரி, சுறாப்புட்டு சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்."

"அதுக்கு அடிச்சா குத்தமில்ல. உங்களக் கடிக்க வந்தா அடிச்சா குத்தமா?"

நல்ல கேள்வி. என் மாமியார் பால்சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டுச் செய்கிற புட்டை நான் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. பிள்ளை பெற்ற சமயத்தில் அதைத் தின்றுதான் தேறினேன். ஆனால் படகுக்கார அண்ணன் பிடிப்பது பிழைப்புக்கு. நான் நீந்துவது ஆசைக்கு. நான் கரையிலேயே இருந்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் ஒரு வேளைச் சோறு குறையப் போவதில்லை. என் ஆசைக்கு வழிவிடவில்லை என்று அதன் வீட்டிலேயே போய் அதை அடிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நாமாகப் போய் இறங்கிய இடம். திரும்பி ஏற வேண்டியதும் நாம்தான். உயிருக்கே ஆபத்து, பல் பதிந்துவிட்டது என்றால் அது வேறு. அப்போது கையில் கிடைத்ததை எடுப்பார்கள், நானும் தடுக்க மாட்டேன். நான் பேசுவது சுறாவின் முதுகுத் துடுப்பு தெரிந்ததுமே நீச்சலைக் காப்பாற்ற அடிப்பதைப் பற்றி.

இதைச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் குடைகிறது: "கடல்ல கோடு தாண்டி மீன் பிடிச்சா எங்களப் பிடிச்சு உள்ள வைக்கிறான். உங்களுக்கு ரெண்டு நாடும் கடுதாசி குடுத்து, நீந்திட்டு வாங்கன்னு அனுப்புது. நீங்க சுறாவுக்குப் பாவம் பாக்குறீங்க." இதற்கு என்னிடம் பதிலில்லை. சுறாவுக்குப் பரிந்து பேச என்னால் முடிகிறது என்பதே என் வசதியைக் காட்டுகிறது என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். அதற்காகச் சுறாவை அடிக்கலாம் என்று ஆகிவிடாது.

கடைசியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றைத் தவிர. மீனைக் குத்தித் தூக்குகிற கொக்கிக் கம்பை இறக்கி வைத்துவிட்டு வரச் சொன்னேன். முடியாது என்றார். படகில் ஆள் தவறி விழுந்தாலும் அதுதான், வலை சிக்கினாலும் அதுதான். "படகுல கெடக்கும். நீங்க சொல்ற மாதிரி ஆகாதவரைக்கும் அதுல கை வைக்க மாட்டேன்" என்றார். நியாயம்தான் என்று அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மற்ற படகுக்காரர்களிடம் பேசப் போகிறவர்களுக்கு அந்தத் தாளின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். கோழிக் குழம்பு வரியை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.