ஓடிபி யார்கிட்டயும் சொல்லல, ஆனாலும் 43,000 போச்சு

நான் குமுளியில ஏலக்கா கடையில வேல பாக்குறேன், வீடு கம்பத்துல. அம்மா இப்பவும் விடிகாலைல ஜீப்பு ஏறி கம்பமெட்டு வழியா தோட்டத்துக்கு காய் எடுக்கப் போறவங்க, கூலிக்காசு எல்லாம் அவங்க அக்கவுண்ட்லதான் கெடக்கும்.

போன வருசம் ஒரு ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. அம்மா வாட்ஸ்அப்புக்கு பேங்க் லோகோ வச்ச நம்பர்ல இருந்து மெசேஜ், கேஒய்சி (பேங்க்ல நம்ம அடையாளத்த சரிபாக்குறது) முடிக்கலன்னா இன்னைக்கு ராத்திரியோட அக்கவுண்ட் முடங்கிரும்னு. கீழ லிங்க் கூட இல்ல, ஒரு ஃபைல். பேரு பேங்க் பேருதான், கடைசியில ஏபிகேன்னு முடியும், அதாவது தொட்டா போன்ல ஆப்ப ஏத்துற ஃபைல். அம்மா பயந்துபோய் பக்கத்து வீட்டுப் பாப்பாவ வச்சு அத இன்ஸ்டால் பண்ணி, அது கேட்ட எஸ்எம்எஸ் பர்மிஷனையும் குடுத்து, கார்டு நம்பர், பின்னாடி இருக்க மூணு நம்பர் எல்லாம் போட்டுட்டாங்க.

இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. ஓடிபி சொல்லாம இருந்தா போதும்னு நாமளே வீட்டுல சொல்லி வச்சிருக்கோம்ல, அம்மாவும் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, ஆனா அந்த ஆப்பு வர்ற எஸ்எம்எஸ்ஸ எல்லாம் தானே படிச்சு அந்த ஃபைல அனுப்பின திருடனுக்கு அனுப்பிருது. மொதல்ல 25,000, அடுத்து 18,000.

அம்மா எனக்கு போன் பண்ணும்போது அழுகைதான் வந்துச்சு, "தம்பி, நான் என்னமோ பண்ணிட்டேன்டா". திட்டுறதுக்கெல்லாம் நேரம் இல்ல. மொதல்ல அந்த போன ஃப்ளைட் மோடுல போடச் சொன்னேன், அப்புறம் என் போன்ல இருந்து பேங்க் கஸ்டமர் கேர் நம்பருக்கு அடிச்சு (பாஸ்புக்ல இருக்கும், கூகுள்ல தேடாதீங்க, அதுலயும் போலி நம்பர் போட்டு வச்சிருக்கானுக) கார்ட பிளாக் பண்ணி, உடனே 1930, ஆன்லைன் பண மோசடிய புகார் பண்ற அரசாங்க நம்பர். நான் குமுளியில நின்னு அடிச்சதால மலையாளத்துல எடுத்தாங்க, எனக்கு பேச வரும்ங்கறதால பிரச்சன இல்ல. அக்கவுண்ட் நம்பர், எத்தன மணிக்கு எவ்வளவு போச்சு, எஸ்எம்எஸ்ல வந்த டிரான்சாக்ஷன் நம்பர் எல்லாம் கேட்டாங்க, அம்மா பாஸ்புக் போட்டோ என்கிட்ட இருந்துச்சு, மெசேஜ பாப்பா அவங்க வீட்டு போன்ல போட்டோ எடுத்து அனுப்புச்சு. புகார் நம்பர் குடுத்தாங்க, அன்னைக்கே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல முழுசா பதிஞ்சுட்டோம்.

18,000 போன அக்கவுண்ட்ல அவன் எடுக்குறதுக்குள்ள நிறுத்தி வச்சுட்டாங்க. 25,000 அதுக்கு முந்தியே ஏடிஎம்ல எடுத்துட்டான்.

திங்கக்கிழம பேங்க்ல எழுதிக் குடுத்தோம். கஸ்டமரே விவரத்த குடுத்திருந்தா புகார் சொல்றதுக்கு முந்தி போனது கஸ்டமர் தலையில, சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க் பொறுப்பு, இது 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட விதி. அதனால ஒவ்வொரு நிமிசமும் காசு. ஆப்ப தூக்கலாம்னு பாத்தா திரையில ஐகானே காணோம், செட்டிங்ஸ்ல ஆப் லிஸ்ட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடந்துச்சு, நம்பாம போன முழுசா ரீசெட் பண்ணிட்டேன்.

இப்ப பேங்க் வெப்சைட் எல்லாம் பேங்க் டாட் இன்னு முடியணும், எந்த பேங்கும் வாட்ஸ்அப்ல ஏபிகே அனுப்பாது. பாப்பாகிட்டயும் இதத்தான் உக்கார வச்சு காட்டினேன், அது ரொம்ப பயந்துபோய் எங்க வீட்டுப் பக்கமே வராம இருந்துச்சு.

கோர்ட் ஆர்டர் வாங்கி 18,000 கைக்கு வர நாலு மாசம் ஆச்சு. 25,000 இன்னும் வரல.