தாலுகா ஆபீசும் கதைப் புத்தகமும்

தாலுகா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்கள்ல நிறைய பேரு தமிழ் இலக்கியத்தாலதான் சோறு சாப்பிடுறோம், இதை யாரும் வெளிய சொல்லிக்கிறதில்ல. அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சைல 200 கேள்வின்னா 100 பொதுத்தமிழ், எந்த நூலை யாரு எழுதுனா, எந்த அடைமொழி யாருக்குன்னு நெட்டுரு போட்டு பாஸ் பண்ணி வர்றோம், ஆர்டர் கைக்கு வந்ததும் அந்தப் புத்தகமெல்லாம் பரணுக்குப் போயிடும். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஜூனியர் அசிஸ்டென்ட் பையன், முதல் தமிழ் நாவல் எதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பிரதாப முதலியார் சரித்திரம், 1879, மாயூரம் வேதநாயகம் பிள்ளைன்னு சொல்லுவான். சரி அவரு என்ன வேலை பாத்தாருன்னு கேட்டேன், முழிச்சான். கோர்ட்டுல ரெக்கார்டு கீப்பரா ஆரம்பிச்சு அப்புறம் முன்சீப், அதான் கீழ்க்கோர்ட்டு ஜட்ஜ், ஆனவருப்பான்னதும் "அப்ப நம்ம ஆளா சார்"னு சிரிக்கிறான்.

நம்ம ஆளுதான். நாவலை விட அவரு 1862ல பண்ணின வேலைதான் எனக்குப் பெருசாத் தெரியும். இங்கிலீஷ்ல கிடந்த சதர் கோர்ட்டு, அதான் அந்தக் காலத்து மேல்கோர்ட்டு, தீர்ப்புகளை தமிழ்ல சுருக்கி சித்தாந்த சங்கிரகம்னு புத்தகமா போட்டாரு. வழக்குப் போட்டவனுக்கு எதை வச்சு தீர்ப்பு சொல்றாங்கன்னே புரியாத காலம் அது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுல தமிழ் வக்கீல் இங்கிலீஷ்ல வாதாடுற கூத்தை நாவல்லயும் ஒரு பிடி பிடிச்சிருப்பாரு, தினம் அங்க உக்காந்து பாத்த எரிச்சல் இல்லாம அது வராது.

அவருக்கும் முன்னாடி எல்லிஸ் துரை, மெட்ராஸ் கலெக்டர். 1818ல தண்ணிப் பஞ்சத்துக்கு கிணறு வெட்டிட்டு, அதுக்கு வச்ச ராயப்பேட்டை கல்வெட்டுல 'இருபுனலும்'னு தொடங்குற குறளை செதுக்க வச்சிருக்காரு. முதல்ல கிணறு, அப்புறம் குறள். எங்ககிட்ட போர்டுல குறள் மட்டும் தினமும் மாறும். மீட்டிங்ல குறள் சொல்லாம வாயே திறக்காத ஒரு ஆபீசர்கிட்ட வேலை பாத்திருக்கேன், அவரு டேபிள்ல ஃபைல் ஏறுனா இறங்காது, குறள் மட்டும் தங்குதடை இல்லாம வரும்.

அதனால படிச்சா மனசு இளகிடும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நான் பாத்ததுலயே ஈரமான மனுஷன் ஒரு தலையாரி, பேப்பர் கூடப் படிக்க மாட்டாரு. படிச்சதுல எனக்கு வந்தது வேற. எதைப் பாக்கணும்னு கொஞ்சம் தெரிஞ்சது, அவ்வளவுதான்.

ஆர்ஐயா, அதான் வருவாய் ஆய்வாளரா, இருக்குறப்ப முதியோர் பென்ஷன் மனு ஒண்ணு விசாரணைக்கு வந்துச்சு. மனு எல்லாம் வெளிய டேபிள் போட்டு எழுதுறவரு கைவண்ணம், எல்லாத்துலயும் அதே வரிதான், "எனக்கு வேறு எந்த ஆதரவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்". விஏஓ ரிப்போர்ட்ல ஒரே வரி, மகன் உள்ளார், அதே கதவு எண். சட்டப்படி அவரு எழுதுனது தப்பில்ல, அத்தோட மனு முடிஞ்சிருக்கும். நேர்ல போனா, மகன் வீடு முன்னாடி, பின்பக்கம் சுவரை ஒட்டி நாலு தென்னங்கீத்து சாச்ச இடத்துல பாட்டி. மூணு செங்கல்லு அடுப்பு, சாம்பல் அன்னைக்குக் காலையில எரிஞ்ச சாம்பல், ஒரே ஒரு தட்டு. "மவன் இருக்கான் சாமி, நான் இல்லேங்கலியே, அவன் வூட்டு ஒல வேற என் ஒல வேற"ன்னாங்க. நான் ரிப்போர்ட்ல ஐயோ பாவம்னெல்லாம் ஒண்ணும் எழுதல. தனி அடுப்பு, தனி சமையல், வீட்டுக்குள்ள இருந்து பின்பக்கம் வர்ற கதவு வெளிப்பக்கம் பூட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் வாக்குமூலம், இவ்வளவுதான். இந்த மாதிரி எழுதியிருந்தா பென்ஷன் மனுவெல்லாம் பாக்குற தனி தாசில்தார் தைரியமா கையெழுத்துப் போடுவாரு, நாளைக்கு ஆடிட்ல யாரும் நோண்ட முடியாது. இரக்கம்னு எழுதுனா ஃபைல்ல நிக்காது சார், அடுப்புன்னு எழுதுனா நிக்கும்.

ஆனா ஒரு சீனியர் இருந்தாரு, என் ரிப்போர்ட்ட வாங்குனாலே சிவப்புப் பேனாவ எடுப்பாரு. "கதை எழுதாதய்யா, அறிக்கை எழுது"ம்பாரு. பாதி சரிதான் அவரு சொன்னது. கதைப் பைத்தியம் இருக்கிற அதிகாரிக்கு ஒரு ஆபத்து இருக்கு, நல்லா கதை சொல்றவங்க மனு அவனுக்குப் பெருசா தெரியும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல நின்னு பாருங்க, சிலரு ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் வச்சு கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொல்லுவாங்க, அதுல நெஜமும் இருக்கும், மூணு ஏக்கர் நஞ்சை இருக்கிறதும் இருக்கும். சிலரு மனுவை நீட்டிட்டு "அதுல எழுதிருக்குங்க"ன்னு சொல்லி நின்னுடுவாங்க. எழுதியிருக்கிறது அந்த டேபிள்காரர் வரி, அவங்களோடது ஒரு வார்த்தை கூட இருக்காது.

அந்த மாதிரி ஆளுங்ககிட்ட நான் மனுவை மடிச்சு ஓரமா வச்சுட்டு, எந்த ஊரு, எந்த பஸ்ல வந்தீங்க, காலையில என்ன சாப்ட்டீங்கன்னு ஆரம்பிப்பேன். பஸ்ஸுக்கு யாருகிட்ட காசு வாங்குனாங்கன்னு தெரிஞ்சாலே பாதி விசாரணை முடிஞ்சிரும். இதுக்கு நேரம் ஆகும், பின்னாடி க்யூ முணுமுணுக்கும், அந்த வாரம் பெண்டிங் லிஸ்ட்ல என் பேரு மேல இருக்கும், ரிவ்யூ மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும், சொல்லிக்கிறதுதான்.